அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காதீர்கள்: நம் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழு உறுப்பினர்களுக்கு,

போன வியாழக்கிழமை இரவு நீங்கள் அனுப்பிய பொங்கல் விழா மின்னஞ்சலை மூன்று முறை படித்தேன். இந்த வருடத்தின் முதன்மை ஸ்பான்சர் ஒரு லீகல் பிளான், அதாவது மாதச் சந்தாவுக்கு வக்கீல் உதவி தரும் திட்டம், விற்கும் குழு. மேடையில் அவர்களுக்குப் பத்து நிமிடம். வாசலில் பதிவு மேசையை ஒட்டியே ஸ்டால். இதோடு நின்றிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். வீடு விற்கிறவர்களும் இன்சூரன்ஸ் விற்கிறவர்களும் வருடா வருடம் வருகிறவர்கள்தான். ஆனால் கடைசிப் பத்தியில் சங்கத்தின் பெயரிலேயே ஒரு விற்பனைக் குறியீடு வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறியீட்டைப் போட்டுச் சேரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தமிழ்ப் பள்ளி நிதிக்கு ஒரு தொகை வருமாம். அப்படியானால் விற்கப் போவது சங்கமேதான்.

அந்தப் பள்ளியில் ஆறு வருடமாக மூன்றாம் நிலைக்குப் பாடம் எடுக்கிறேன். அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகத்தை என் வகுப்பில் வைக்க எனக்கு மனம் வராது. ஏன் என்று சொல்கிறேன். நான் அந்த மாதிரித் திட்டம் ஒன்றை வாங்கியவள். அதை விற்கப் போய் அடிபட்ட ஒரு குடும்பத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

2023 பொங்கல் விழா. அதே மிடில் ஸ்கூல் கஃபெட்டீரியா. சர்க்கரைப் பொங்கல் வரிசைக்கும் கோலப் போட்டிக்கும் நடுவில் போட்டிருந்த மேசையில்தான் சேர்ந்தேன். மாதம் 30 டாலர் சொச்சம். விற்றவர் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் இருந்த ஓர் அக்கா. நான் ஊரிலிருந்து வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் மால் பார்க்கிங்கில் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். டேப்லெட்டை நீட்டி, "போட்டுக்கோம்மா, ஒரு வக்கீல் எப்பவும் கூடவே இருக்கிற மாதிரி" என்றார். நான் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அவர்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் என்னிடம் சொன்னார்.

அந்த ஆகஸ்டில் நாங்கள் அப்பார்ட்மென்ட்டைக் காலி செய்தோம். வாடகை 2,200 டாலர். ஒன்றரை மாத வாடகை, 3,300 டாலர், டெபாசிட்டாகக் கொடுத்திருந்தோம். நியூ ஜெர்சியில் அதற்கு மேல் வாங்க முடியாது. காலி செய்து இருபத்தாறாவது நாள் 1,850 டாலருக்கு ஒரு காசோலையும் ஒரு சீட்டும் வந்தன. கார்ப்பெட்டுக்கு 900, பெயின்ட்டுக்கு 350, சுத்தம் செய்ய 200 என்று பிடித்திருந்தார்கள். நாங்கள் குடிபோனபோதே அந்தக் கார்ப்பெட் நைந்து போயிருந்தது. ஹால் மூலையில் முன்பு இருந்தவர்களின் நாய் பிராண்டிய இடத்தை முதல் நாளே போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன்.

சரி, இதற்குத்தானே மாதாமாதம் கட்டுகிறோம் என்று திட்டத்தின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்: மறுநாளே ஒரு வக்கீல் கூப்பிட்டார். மரியாதையாகப் பேசினார். பன்னிரண்டு நிமிடம். வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவும் செய்தார். வக்கீலின் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம். எங்களுக்கு அது பெரிய தைரியமாக இருந்தது.

வீட்டுக்காரர் பதிலே போடவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். நாங்களே வழக்குப் போடுவதென்றால் அது சந்தாவுக்குள் வராது என்றார்கள். மணிக்கணக்கில் கட்டணம், அதில் 25 சதவீதம் தள்ளுபடி. தள்ளுபடி போக மணிக்கு 270 டாலர். நாலைந்து மணி நேரம் ஆகலாமாம். 1,450 டாலரை வாங்க ஆயிரத்துச் சொச்சம் செலவழிக்கச் சொன்னார்கள்.

அன்றைக்கு ராத்திரி நியூ ஜெர்சி நீதிமன்ற இணையதளத்தில் உட்கார்ந்து படித்தேன். 5,000 டாலர் வரையிலான வழக்குக்கு ஸ்மால் கிளெயிம்ஸ் பிரிவு இருக்கிறது. வக்கீல் வேண்டாம். ஒரு படிவம். பதிவுக் கட்டணம் 35 டாலர். அதைவிட முக்கியமாக, டெபாசிட்டைத் தவறாகப் பிடித்து வைத்தால் அதைப்போல் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும் என்று இந்த மாநிலத்தின் சட்டமே சொல்கிறது. அந்த "இரண்டு மடங்கு" என்ற சொல் எனக்காகப் போன கடிதத்தில் எங்குமே இல்லை. கடிதத்தை எடுத்து இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

நானே 2,900 டாலருக்கு வழக்குப் போட்டேன். நியூ பிரன்ஸ்விக் கோர்ட்டில் நாய் பிராண்டிய கார்ப்பெட் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீதிபதி முன்னால் போவதற்கு முன்பே சமரசப் பேச்சில் 2,200 டாலருக்கு முடிந்தது. கட்டணமும் தபால் செலவும் சேர்த்து எனக்கு ஆனது 50 டாலருக்குள்தான். அதுவரை சந்தாவாகக் கட்டியது 300 டாலருக்கு மேல்.

இதில் அந்த வக்கீலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திட்டம் ஓடும் விதம் அப்படி. இப்படிப்பட்ட பல திட்டங்களில் ஒரு மாநிலத்துக்கு ஒரு வக்கீல் நிறுவனம் என்று வைத்துக்கொண்டு, உறுப்பினர் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கொடுத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு நிமிட போனும் ஒரு பக்கக் கடிதமும் அந்தக் கணக்குக்குள் அடங்கும். கோர்ட் அடங்காது. சேர்வதற்கு முன்பே தொடங்கிவிட்ட பிரச்சினை அடங்காது. ஒப்பந்தம் படித்துத் தருவதற்குப் பக்க வரம்பு உண்டு. நம் மேல் யாராவது வழக்குப் போட்டால் வக்கீல் வருவார். அதிலும் முதல் வருடத்தில் கிடைக்கும் மணி நேரம் குறைவு, வருடம் ஏற ஏறக் கூடும். எல்லாமே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. மேசையில் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டவில்லை.

அப்படியானால் யாருமே வாங்கக் கூடாதா? அப்படி நான் சொல்ல மாட்டேன். கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தம்பதி இன்னும் உயில் எழுதவில்லை என்றால், ஒரு வருடச் சந்தாவில் இருவரும் உயில் எழுதிக்கொள்வது தனியாக வக்கீலிடம் போவதைவிட மலிவாகவே முடியும். நம் ஆட்களில் உயில் எழுதாதவர்கள் நிறையப் பேர். அப்பா அம்மா இருவருக்கும் ஒரே நாளில் ஏதாவது ஆனால் பிள்ளை யாரிடம் போகும் என்ற கேள்விக்கு, தாத்தா பாட்டி மதுரையில் இருக்கும் வீட்டில், எழுதி வைத்த பதில் இருந்தே ஆக வேண்டும். அப்புறம் வேக டிக்கெட். வேக வரம்பைவிட 15 மைல் கூடுதலாகப் போனால் லைசென்ஸில் நான்கு புள்ளிகள். வக்கீல் முனிசிபல் கோர்ட்டில் பேசி அதைப் புள்ளி இல்லாத குற்றமாக மாற்றிக் கொடுத்தால் இன்சூரன்ஸில் அந்தச் சந்தா திரும்பி வந்துவிடும். இப்படி ஒரு வருடத்தில் இரண்டு மூன்று வேலை நிச்சயமாக இருக்கிறவர்கள், விலக்குகள் இருக்கும் பக்கத்தைப் படித்துவிட்டு, ஒரு வருடம் வாங்கி, வேலையை முடித்துக்கொண்டு நிறுத்திவிடலாம். அதற்கும் முன்னால் தங்கள் அலுவலகத்தின் ஓப்பன் என்ரோல்மென்ட் பட்டியலை, அதாவது ஊழியர் சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலை, பார்க்கச் சொல்வேன். பல கம்பெனிகள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி குழுச் சட்டத் திட்டம் வைத்திருக்கின்றன. அதை விற்று யாரும் நம் வீட்டு ஹாலில் கமிஷன் வாங்குவதில்லை.

எனக்கு மாதம் 30 டாலர் போனது பெரிய விஷயமில்லை. இந்த மடலை எழுத வைத்தது மேசையின் மறுபக்கத்தில் நடந்தது.

அதே விழாவில், அதே மேசையில், இன்னொரு பெண்ணிடம் அவர்கள் வேறு மாதிரி பேசினார்கள். எங்கள் அடுத்த பில்டிங்கில் இருந்தவள். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்துச் சென்னையில் ஐந்து வருடம் வங்கி வேலை பார்த்தவள். 2022-ல் கல்யாணமாகி, எச்-1பி-யில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் வந்தாள். கணவர் பல வருடமாக எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர். அவருடைய கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனுவுக்கு எப்போதோ ஒப்புதல் கிடைத்தாயிற்று. அதனால் அவளுக்கு வேலை அனுமதி கேட்க உரிமை உண்டு. கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்தாள். வீட்டில் சும்மா இருப்பது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். 2014-ல் நானும் எச்-4-ல் வந்தவள்தான். 2015 மே மாதம் எச்-4 மனைவிகளுக்கு வேலை அனுமதி விதி வந்த அன்று என் சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன்.

அவளிடம் அவர்கள் திட்டத்தை விற்கவில்லை. "டீம்ல சேருங்க, இது வேலை இல்ல, பிசினஸ்" என்றார்கள். வேலை அனுமதி இன்னும் வரவில்லை என்று அவளே சொன்னாள். அதற்கு அவர்கள் சொன்ன வழி: "ஹஸ்பண்ட் பேர்ல, அவர் சோஷியல் நம்பர்ல போட்டுக்கலாம். நீங்க பேசினா போதும்."

செயற்குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் எச்-1பி வழியாக வந்தவர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எச்-1பி-யில் இருப்பவர் தனக்கு மனுப் போட்ட கம்பெனிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். கமிஷனுக்கு விற்பதும் வேலைதான். வேலை அனுமதி அட்டை கையில் இல்லாத எச்-4 அதுவும் செய்யக் கூடாது. கணவர் பெயரைப் போட்டு இவள் விற்றதில் இரண்டு பேருமே மாட்டிக்கொண்டார்கள்.

பதினொரு மாதம் விற்றாள். ஒரு கோடு போட்ட நோட்டில் வரிசையாகப் பெயர் எழுதி வைத்திருந்தாள். பதினான்கு குடும்பம். எல்லாம் தெரிந்தவர்கள்: சித்தி மகன், கணவரின் ஆபீஸ் நண்பர், கோயிலில் பழக்கமானவர், நான் பாடம் எடுக்கும் ஒரு பிள்ளையின் அம்மா. அதில் ஒன்பது பெயர் சிவப்பு மையில் அடித்திருந்தது. ஒருவர் சேர்ந்தால் வருடக் கமிஷனை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். அவர் நடுவில் நிறுத்தினால் கொடுத்ததைத் திரும்பப் பிடிப்பார்கள். சிவப்பு மை எல்லாம் அந்தச் சார்ஜ்பேக். சேர்ந்த கட்டணம், தன் பேரில் கட்டிய சந்தா, மாதாமாதம் வெப்சைட்டுக்கு, பென்சில்வேனியாவில் ஒரு மாநாடு, ஹோட்டல் எல்லாம் கூட்டிக் கழித்தால் கையிலிருந்து 600 டாலருக்கு மேல் போயிருந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் "சித்தி பேசறதில்ல" என்று பென்சிலில் எழுதியிருந்தாள். அதை நான் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டாள்.

ஜனவரியில் கணவர் பெயருக்கு 1,140 டாலருக்கு ஒரு 1099, அதாவது கமிஷன் வருமானத்தைக் காட்டும் வரிச் சீட்டு, வந்தது. அதை வருமான வரிக் கணக்கில் ஒழுங்காகக் காட்டினார்கள். 2024 கடைசியில், பன்னிரண்டு வருடம் காத்திருந்த முறை வந்து, கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போடும் வேளை. இமிக்ரேஷன் அட்டர்னி வரிக் கணக்கைப் புரட்டியவர் அந்த ஒரு தாளில் நின்றுவிட்டார். "அனுமதி இல்லாமல் எப்போதாவது வேலை செய்திருக்கிறீர்களா" என்று அந்தப் படிவமே கேட்கிறது. அடுத்ததாக அவர் கேட்டது, "கடைசியாக எப்போது இந்தியா போய் வந்தீர்கள்?" என்று. அவர்கள் கல்யாணம் முடிந்து வந்ததோடு சரி. ஸ்டாம்பிங், அதாவது திரும்பி வர விசா முத்திரை கிடைக்குமா என்ற பயத்தில் போகவேயில்லை. வேலை வழியாகக் கிரீன் கார்டு கேட்பவர்களுக்கு, கடைசியாக நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து 180 நாள் வரையிலான தவறை மன்னிக்கும் பிரிவு ஒன்று உண்டு. ஆனால் ஒரு நாளில் அரை மணி நேரம் செய்தாலும் அது ஒரு நாள். பதினொரு மாதத்தை எப்படி 180-க்குள் அடக்குவது? அந்தக் கோப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதற்குத் தனியாகக் கட்டிய வக்கீல் கட்டணம் வேறு. இதற்கு அந்தச் சந்தாத் திட்டத்தின் வக்கீல் உதவ மாட்டாரா என்று அவளிடம் கேட்டேன். இமிக்ரேஷனுக்கு அந்தத் திட்டத்தில் போனில் ஆலோசனை மட்டும்தான் என்றாள். விற்றவளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது. மேசையில் "இமிக்ரேஷன்கூட இருக்கு" என்று அவளும் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். அதை நினைத்து நினைத்து அவள் தூங்காத ராத்திரிகள் உண்டு.

இந்த ஆள்சேர்ப்பு நடந்தது நம் சங்க விழாவில். நம் பேனருக்குக் கீழே. போன வருடத்திலிருந்து இன்னொரு பேச்சும் கேட்கிறது: "லே ஆஃப் ஆனாலும் இந்த வருமானம் நிக்காது." வேலை போன எச்-1பி ஆள் இங்கே தங்க அதிகபட்சம் 60 நாள், 2017 முதல் உள்ள விதி. அந்த 60 நாளில் அவர் அனுமதி இல்லாமல் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. அவரிடம் போய்க் கமிஷன் ஆசை காட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

விசா சிக்கல் இல்லாத குடிமக்களுக்காவது இது லாபமா? நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் அலுவலர்கள், இப்படி விற்பவர்களே மேலும் ஆள் சேர்க்கும் பலநிலை விற்பனை நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட 70 வருமான அறிக்கைகளை எடுத்துப் படித்து 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பெரும்பாலானோருக்குக் கிடைத்தது வருடத்துக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் கீழே. மாதம் 84 டாலர்கூட இல்லை. குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பாலானோருக்கு ஒரு காசும் வரவில்லை. இதெல்லாம் செலவைக் கழிக்காத கணக்கு. அடுத்த பில்டிங் பெண்ணின் நோட்டு அந்த அறிக்கையின் ஒரு வரிதான். ஸ்பான்சர் குழு மேடையில் காரும் கப்பல் பயணமும் காட்டும்போது இந்த எண்களை யார் சொல்லப் போகிறார்கள்?

இனி சங்கத்தின் பங்கு. நாம் வரிவிலக்கு பெற்ற அமைப்பு. ஸ்பான்சர் பெயரைப் பேனரில் போட்டு நன்றி சொல்வது ஒன்று. "நம் குறியீட்டைப் போட்டு வாங்குங்கள்" என்று உறுப்பினர்களிடம் சொல்லி, விற்பனைக்குத் தகுந்தபடி பணம் வாங்குவது வேறு. அது விளம்பரம், வியாபாரம். நோக்கத்துக்குச் சம்பந்தமில்லாத வியாபாரத்தில் வருடத்துக்கு 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் வந்தால் தனிப் படிவம் போட்டு வரிக் கணக்குக் காட்ட வேண்டும். ஒன்றைப் பரிந்துரைப்பவருக்கு அதில் பணம் வருகிறது என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது டிரேட் கமிஷனின் வழிகாட்டுதல். பொருளாளரிடம் இதைப் பேசினீர்களா? வரிக் கணக்கர் பார்த்தாரா? கூட்டக் குறிப்பை யாராவது எங்களுக்குக் காட்ட முடியுமா? செயற்குழுவில் இருவர் அந்த விற்பனைக் குழுவிலும் இருக்கிறார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். ஆமென்றால் அவர்கள் இந்த முடிவில் வாக்களித்தார்களா என்று கேட்க உறுப்பினர் என்ற முறையில் எனக்கு உரிமை உண்டு.

நம் மக்களுக்கு வக்கீல் தேவை என்று நீங்கள் நினைத்தது சரிதான். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்கு வக்கீல் பிடித்துக் கொடுப்பது இந்த நாட்டில் போராடி வாங்கிய உரிமை. மிச்சிகனில் ரயில்வே தொழிலாளர் சங்கம் ஒன்று அடிபட்ட தொழிலாளிகளை நல்ல வக்கீல்களிடம் அனுப்பி, கட்டணத்துக்கும் உச்சவரம்பு பேசி வைத்தது. மாநில வக்கீல் அமைப்பு அதைத் தடுக்கப் பார்த்தது. 1971-ல் உச்ச நீதிமன்றம் தொழிலாளிகள் பக்கம் நின்றது. நான்கு பேர் சேர்ந்து நீதிமன்றத்தை எட்டிப்பிடிக்க வழி செய்துகொள்வது அவர்கள் உரிமை என்றது. அந்தச் சங்கம் தன் ஆட்களுக்காக விலையைக் குறைத்துப் பேசியது. நீங்கள் செய்யப் போவதில் நம் ஆட்கள் கட்டும் விலையிலிருந்து சங்கம் பங்கு வாங்குகிறது.

அதனால் கேட்கிறேன்.

மேடையில் அந்தப் பத்து நிமிடத்தை ரத்து செய்யுங்கள். சங்கத்தின் பெயரில் உள்ள விற்பனைக் குறியீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று உறுப்பினர்களுக்கு எழுதுங்கள். ஸ்டாலுக்கு ஏற்கனவே பணம் வாங்கியிருந்தால், அதை மற்ற ஸ்டால்களைப் போலப் பின்னால் தள்ளி வையுங்கள். அங்கே ஆள்சேர்ப்பு கூடாது, விற்பனை மட்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். எந்த ஸ்டாலாக இருந்தாலும் கமிஷன் வேலைக்கு ஆள் எடுத்தால், "எச்-1பி, வேலை அனுமதி இல்லாத எச்-4, மாணவர் விசாவில் இருப்பவர்கள் சேரும் முன் உங்கள் இமிக்ரேஷன் வக்கீலைக் கேளுங்கள்" என்று தமிழில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை வைக்க வேண்டும் என்பதைச் சங்க விதியாக்குங்கள். அட்டையை நானே எழுதித் தருகிறேன்.

உறுப்பினர் பட்டியலும் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் பட்டியலும் ஸ்பான்சருக்குப் போயிற்றா, போகவில்லையா என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் பிள்ளைகளின் பெயரும் பிறந்த வருடமும் இருக்கின்றன. பெற்றோர் அதைக் கொடுத்தது வருகைப் பதிவுக்காக. போயிருந்தால் திரும்பப் பெற்று அழிக்கச் சொல்லுங்கள். இனிமேல் ஸ்பான்சர் விஷயத்தில் தனக்கோ தன் வீட்டாருக்கோ ஆதாயம் இருக்கிற செயற்குழு உறுப்பினர் அதை முதலிலேயே சொல்லிவிட்டு வாக்களிப்பிலிருந்து விலகட்டும்.

பிறகு, இந்தச் சட்ட உதவியை நாமே செய்வோம். மார்ச் மாதத்தில் மூன்று சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி நடக்கும் அதே நேரத்தில், பெற்றோர் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் உயிலும் பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் நியமிப்பதும். ஒரு வாரம் வாடகை, டெபாசிட், ஸ்மால் கிளெயிம்ஸ். ஒரு வாரம் டிக்கெட்டும் முனிசிபல் கோர்ட்டும். நம் சங்கத்திலேயே வக்கீல்கள் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். கவுன்ட்டி வக்கீல் அமைப்புகளின் பரிந்துரைச் சேவை எண்களும், வருமானம் குறைவானவர்களுக்கான லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி பற்றிய விவரமும் சங்கத் தளத்தில் ஒரு பக்கமாகப் போடுங்கள். கமிஷன் இல்லாமல், கட்டணம் முன்கூட்டியே பேசி முடித்த நாலைந்து வக்கீல்களின் பட்டியலும் அதில் இருக்கட்டும். டெபாசிட் வாரத்தை நான் எடுக்கிறேன். படிவத்தை எப்படி நிரப்புவது, கோர்ட்டுக்கு என்ன கொண்டு போவது என்று காட்டுகிறேன். கார்ப்பெட் போட்டோவையும் கொண்டு வருகிறேன்.

பள்ளிப் புத்தகத்துக்குப் பணம் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வகுப்பறையில் நிற்பவள் நான்தான். ஸ்பான்சர் தொகையில் விழும் ஓட்டையை அடைக்க, விழா அன்று பெற்றோர் சேர்ந்து ஒரு சாப்பாட்டு ஸ்டால் போடுகிறோம். பொறுப்பை நான் ஏற்கிறேன். நாங்கள் ஏழு ஆசிரியைகள் ஏற்கனவே பேசி வைத்துவிட்டோம்.

விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செயற்குழுக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுங்கள். அடுத்த பில்டிங் பெண் வந்து பேசத் தயாராக இருக்கிறாள். அவளுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். உங்கள் முடிவை அதே வாரம் எல்லா உறுப்பினர்களுக்கும் எழுத்தில் அனுப்புங்கள்.

தமிழ்ப் பள்ளி மூன்றாம் நிலை ஆசிரியை,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர்,
நியூ ஜெர்சி